பொட்டு வைத்த டாலர்கள்

வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை என்பது, ஊர் சுற்றப் போகிறவர்கள் சந்தோஷமாகப் படியேறி வந்து சந்தேகத்தோடு இறங்கிப் போகிற இடம். உங்களில் யாராவது வங்கியிலோ, ரயில்வே புக்கிங்கிலோ, கரண்டு பில் கட்டுகிற இடத்திலோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களாக இருந்தால், மேலே சொல்ல வேண்டியதே இல்லை. மற்றவர்கள் எங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று திட்டியவர்களாக இருப்பீர்கள். பரவாயில்லை, நீங்களும் படிக்கலாம்.

எங்கள் கடை திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கவுன்டரில் நான். பணப்பெட்டியில் கேசவுலு. அவருக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ்; வருகிறவர்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார்கள். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. ஆயிரம் பேர் வந்து போயிருப்பார்கள், ஆனால் என் பொறுமையை முழுசாகச் சாப்பிட்டது ஒரே ஒரு குடும்பம்தான்.

முனிரத்தினத்துக்கு கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு கிராமம். அவருடைய நைனா காலத்தில் அடுத்தவன் கழனியில் கூலி வேலை. இவர் காலத்தில் சொந்தமாகத் தக்காளி. மனைவி சரோஜா இரண்டு கறவை மாடு வைத்து, பால் சென்டரில் ஊற்றுகிறவர். ஒரே மகள் பவானி, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பெண் சம்பளத்தில் சேர்த்து, அம்மா அப்பாவுக்கும் தனக்குமாக நான்கு நாள் மலேசியா பேக்கேஜ் போட்டிருந்தாள். விமானம், ஓட்டல், காலை டிபன் எல்லாம் அதில் அடக்கம். மற்றபடி கைச்செலவுக்கு, சரோஜாவின் பால் பணம்.

மண்டி ரேட்டு

முதல் நாள் முனிரத்தினம் தனியாக வந்தார். சுவரில் இருந்த ரேட்டுப் பலகையைக் கீழிருந்து மேல் வரை படித்தார். பிறகு கண்ணாடி ஓட்டையில் முகத்தை வைத்து, "அது போர்டு ரேட்டு. கடைசி ரேட்டு இன்னா மேடம்?" என்றார். கடைசி ரேட்டும் அதுதான் என்றேன். நம்பவில்லை. பலகையில் எழுதின விலைக்கு யாராவது வாங்குவார்களா என்று என்னையே கேட்டார். நாளைக்குக் குறையுமா என்றார். தெரியாது என்றேன். தெரியாதவங்களை எதுக்கு உட்கார வெச்சிருக்காங்க என்று பின்னால் நின்றவரிடம் கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் வந்தார், டாலர் சில பைசா ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் வந்தார், இன்னும் ஏறியிருந்தது. பஸ் சார்ஜ் போட்டு வந்து நஷ்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிற மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். மண்டியில் சாயந்திரமானால் மிச்சச் சரக்கைக் குறைத்துத் தருவார்கள் இல்லையா, அந்த மாதிரி கடை மூடுகிற நேரத்துக்கு வந்தால் ஏதாவது பார்த்துச் செய்வீர்களா என்றார். கேசவுலு பணம் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலைவலிதான் வந்தது. "இன்னும் ஒரு நாள் வெயிட் பண்ணுங்களேன், பவானி கல்யாணச் செலவும் இதிலேயே போயிடும்" என்றேன். மனிதர் கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை.

"தக்காளின்னா வெல கட்டலன்னு ரோட்டுல கொட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன் மேடம், இத எங்க கொட்டறது?"

ஜிப் வைத்த பனியன்

நான்காம் நாள் குடும்பமாக வந்தார்கள். மூன்று பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு எல்லாவற்றையும் பவானி ஒழுங்காக அடுக்கி வைத்தாள். எங்களிடம் மலேசியப் பணம் ரிங்கிட் கொஞ்சம்தான் இருந்தது. அதை முதல் நாள் செலவுக்குக் கொடுத்தேன். மீதிக்கு நூறு டாலர் நோட்டாக எட்டு. டாலரை அந்த ஊரில் எந்தத் தெருவிலும் மாற்றிக்கொள்ளலாம், அதுதான் வழக்கம்.

பிறகு நான் தினமும் ஒப்பிக்கிற பாட்டை ஒப்பித்தேன். நோட்டை மடிக்காதீர்கள். நனைக்காதீர்கள். பேனாவால் எழுதாதீர்கள். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். டாலரில் ஒரு கோடு விழுந்தாலும் வெளிநாட்டில் மாற்றுகிறவன் முகத்தைச் சுளிப்பான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். "மூணு பேர் போறீங்க, மூணாப் பிரிச்சு வெச்சுக்குங்க, ஒருத்தர்கிட்ட தொலைஞ்சா இன்னொருத்தர்கிட்ட இருக்கும்" என்றும் சொன்னேன். சரோஜா நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. "மேடம் சொல்றது சரிதானே, எங்கிட்ட ஒண்ணு குடேன்" என்றார், பாதிச் சிரிப்போடு.

முனிரத்தினம் சட்டைப் பொத்தானை இரண்டு அவிழ்த்து எனக்குக் காட்டினார். உள்ளே பனியன். பனியனில் பாக்கெட். பாக்கெட்டுக்கு ஜிப். இந்தப் பயணத்துக்கென்றே டெய்லரிடம் கொடுத்துத் தைத்தது. எட்டு நோட்டையும் அதில் போட்டு இழுத்து மூடிவிட்டு, தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"உனுக்கு எதுக்கு சரோஜா அந்தத் தொல்ல? இன்னா வேணுமோ கேளு, வாங்கித் தரேன்."

பிளாஸ்டிக் கவர்

அப்பாவும் மகளும் கீழே டீ குடிக்கிற நேரத்தில் சரோஜா மட்டும் திரும்பப் படியேறி வந்தார். மேல்மூச்சு வாங்கியது. குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். குடை அவர் கையிலேயே இருந்தது. முந்தானையிலிருந்து ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார், பக்கத்தில் தன் பாஸ்போர்ட்டை வைத்தார். "என் பேர்ல ஒண்ணு குடும்மா. அவருக்குத் தெரிய வாணாம்."

எங்கள் தொழிலில் மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்குவது சகஜம். இது புதுசு. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன், கேட்க எனக்கு உரிமை இல்லைதான். அந்த அம்மா அவசரமாகத் தலையை ஆட்டினார். ஐயையோ, அவர் தங்கமானவரும்மா, கேட்டது எதையும் இல்லைன்னு சொன்னதில்ல, ஆனா ஒண்ணு கேக்கணும்னா நான் நாலு நாள் யோசிக்கணும் என்றார். நூறு டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஜாக்கெட்டுக்குள் செருகப் போனவரை நிறுத்தி, வியர்வை படக்கூடாது என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டித் தந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இருபத்தாறு வருஷமா பாலு ஊத்தறது நானு, பணத்த எண்றது அவரு. அந்த ஊர்லயாவது ஒரே ஒரு கடையில நானே நோட்ட எடுத்து நீட்டணும்மா, மிச்சத்த அவங்க என் கையில குடுக்கணும்."

இருபதால் பெருக்கு

அவர்கள் போய் இறங்கிய அன்றே, ரசீதில் இருந்த கடை நம்பருக்கு வாட்ஸாப்பில் முனிரத்தினத்தின் குரல் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு ரிங்கிட்டுக்குத் தோராயமாக இருபது ரூபாய் என்று கணக்குக்காக நான் சொல்லிவைத்தது பெரிய தப்பாகப் போயிற்று. மனிதர் எதைப் பார்த்தாலும் இருபதால் பெருக்கி எனக்கு அனுப்பினார். டீ இவ்வளவு. தண்ணீர் பாட்டில் இவ்வளவு. தக்காளி கிலோ இவ்வளவு, அதுவும் நம்ம ஊர்ச் சரக்கு மாதிரி கெட்டி இல்லை. ஓட்டலில் காலை டிபன் இலவசம் என்பதால் மதியத்துக்கும் சேர்த்துத் துன்னுட்டு வரச் சொல்லி மகளை வற்புறுத்தியதாகவும், அவள் பேசாமல் கோபித்துக்கொண்டதாகவும் அதே வாட்ஸாப்பில் தகவல்.

ஒரு பெரிய கடைத்தெருவில் கழிப்பறைக்குக் காசு கேட்டார்களாம். நம்ம பஸ் ஸ்டாண்டிலும்தானே கேட்கிறார்கள் என்று பதில் போட்டேன். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே காசுதான் வரும். ஆனால் அவர் பெருக்கிப் பார்ப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

"ரேட்டு கேட்டதும் எனுக்கு வந்தது நின்னுபோச்சு மேடம்."

பெரியவர் நெற்றியில்

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வீடியோ கால். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பவானிதான் பேசினாள், அழுகிற குரல். முதல் நாள் ரிங்கிட் தீர்ந்துவிட்டது. டாலரை மாற்றப் போனால் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஒரு கடை இல்லை, வரிசையாக எல்லாக் கடையும். கள்ள நோட்டா என்று பக்கத்திலிருந்து முனிரத்தினம் கத்தினார். நோட்டைக் காட்டு என்றேன்.

காட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரப் பெரியவரின் நெற்றியில், கொஞ்சமும் பிசகாமல், வட்டமாகக் குங்குமம். எட்டு நோட்டிலும் எட்டுப் பெரியவர்கள், பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாமி முன்னால் வைத்து, முனிரத்தினமே தன் கையால் வைத்தது. தப்பென்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் டிராக்டருக்கு வைக்கிறோம், ஃபிரிட்ஜுக்கு வைக்கிறோம், கேஸ் சிலிண்டருக்கும் வைக்கிறோம். வீட்டுக்குப் புதுசாக வந்த பணத்துக்கு வைக்காமல் விடுவாரா? மடிக்காதே, நனைக்காதே, எழுதாதே என்று ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்த எங்கள் ஹெட் ஆபீசுக்குக் குங்குமம் தோன்றவில்லை. கேசவுலு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பெரியவருக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னார். அவரை முறைத்தேன்.

துடைத்துப் பார்த்தார்களாம், மஞ்சள் இன்னும் பரவியதுதான் மிச்சம். உன் கார்டு என்னாச்சு என்று பவானியைக் கேட்டேன். வெளிநாட்டில் உபயோகிக்க அதைத் திறந்துவிட வேண்டும், திறக்க ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வருகிற இந்திய சிம் அங்கே செத்துக் கிடந்தது. அந்த வீடியோவும் ஒரு ஓட்டல் வாசலில் நின்று ஓசி வைஃபையில் பேசியது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கையில் காசில்லை, காலையில் தின்ற ரொட்டியோடு மூன்று பேரும் நடுத்தெருவில் நிற்கிறார்கள். முனிரத்தினம் எட்டு நோட்டையும் சட்டைத் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்போது போனுக்குள் சரோஜாவின் முகம் வந்தது. அவர் மகளையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தது. எனக்கென்ன தெரியும், நான் தலையசைத்தேன். அவர் திரும்பி நின்று ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பூஜையில் வைக்காததால் பொட்டில்லாமல் தப்பித்த ஒரே நோட்டு. முனிரத்தினம் அதைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார், இது ஏது என்று கேட்டார். பதிலை அந்த அம்மா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"எங்கிட்ட ஒண்ணு குடுன்னு கேட்டேன், நீ குடுக்கல. அதான் நானே வாங்கினேன்."

சில்லறை

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, எட்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். நாங்களும் அதை வாங்க முடியாது என்று தெரிந்ததும் முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். சென்னைக் கிளைக்கு அனுப்பி, பிடித்தம் போக எவ்வளவு வருகிறதோ வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

நான் சரோஜாவைக் கேட்டேன், ஆசைப்பட்ட மாதிரி நீட்டினீங்களா என்று. அந்த அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு கடையா, எல்லாக் கடையிலும் நான்தாம்மா என்றார். நூறு டாலரை இரண்டு நாளுக்கு இழுத்திருக்கிறார். சாப்பாடு, தண்ணீர், பஸ், பவானிக்கு ஒரு தொப்பி. தொப்பிக் கடைப் பெண் மிச்சக் காசை இரண்டு கையாலும் கொடுத்ததாம், அதைச் செய்தே காட்டினார். அந்த இரண்டு நாளும் அவர் உங்களைத்தானே கேட்டிருக்க வேண்டும், நல்லா கேட்க வெச்சீங்களா என்று சீண்டினேன். நானாக இருந்தால் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மூன்று தடவை கேட்க வைத்திருப்பேன். சரோஜா சிரிக்கவில்லை.

"கேக்கவே வுடலம்மா. அவரு எங்கியாவது நின்னு பாத்தாலே நானே எடுத்துக் குடுத்துட்டேன். கேக்கறது எப்பிடி இக்கும்னு எனுக்குத் தெரியுமே."

இதற்குப் பிறகு என் கவுன்டரில் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. கண்ணைத் துடைத்தேன் என்று கேசவுலு சொல்கிறார். தூசி.

காலி பர்ஸ்

இன்னொரு விஷயமும் அன்றைக்கே சொன்னார். கடைசி நாள், ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், தெருக்கடை ஒன்றில் மீதி இருந்த ரிங்கிட் எல்லாவற்றையும் கொடுத்துத் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினாராம். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சிவப்பில் ஒரு பர்ஸ். உள்ளே மூன்று அறை, ஒரு அறைக்குப் பொத்தான். திறந்து திறந்து மூடியதில் அந்தப் பொத்தான் அதற்குள்ளேயே தளர்ந்திருந்தது.

"பர்ஸ் வாங்கிட்டேன், உள்ள வெக்கத்தான் ஒண்ணும் மிஞ்சல."

எட்டுப் பெரியவர்கள் திரும்பி வந்தது

சென்னையிலிருந்து பணம் வர நாளாயிற்று. அதற்குள் முனிரத்தினம் போனில் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. நடுவில் எங்கள் கவுன்டர் கண்ணாடியில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வரி ஒட்டினோம்: நோட்டுக்கு மஞ்சள், குங்குமம் வைக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் யாரு மேடம் வெச்சது என்று கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை.

ஒருவழியாகப் பணம் வந்தது. கொடுத்ததைவிடக் குறைச்சல்தான், ஆனாலும் கேசவுலு பயந்த அளவுக்கு மோசமில்லை. இரண்டு பேரையும் வரச் சொன்னேன். கேசவுலு ரூபாய்க் கட்டை ஓட்டை வழியாகத் தள்ளினார். முனிரத்தினம் வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டு எண்ணினார், இரண்டாம் தடவையும் எண்ணினார். கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. ஒரு பொத்தான் அவிழ்ந்தது. பக்கத்தில் சரோஜா எதுவும் கேட்கவில்லை. சுவரில் இருந்த ரேட்டுப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் புரியாது.

முனிரத்தினத்தின் கை அங்கேயே நின்றது. பிறகு அவிழ்த்த பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அந்த செவப்பு பர்ஸு எங்க?" என்றார். சரோஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பையைத் துழாவினார், குடை கீழே விழுந்தது, பர்ஸ் கிடைத்தது, தளர்ந்த பொத்தான் அன்றைக்கென்று மாட்டிக்கொண்டது. முனிரத்தினமே அதைத் திறந்து கொடுத்தார், ஆனால் பணத்தை அவர் உள்ளே வைக்கவில்லை. கட்டை அப்படியே மனைவியின் உள்ளங்கையில் வைத்தார், இரண்டு கையாலும்.

"ஒரு தபா எண்ணிப் பாத்துக்கோ சரோஜா, என்ன நம்பாத."

பதினோரு வருஷமாக ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணமாக மாற்றிக்கொடுக்கிறேன். ஒரே வீட்டுக்குள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதற்குத்தான் ரேட்டு இவ்வளவு அதிகம் என்று அந்தப் பலகையில் எந்த வரிசையிலும் எழுதியிருக்கவில்லை.